அட்டை வேண்டாம், நடத்தை போதும்: சேவை நாய் பற்றி அமெரிக்கச் சட்டம்

‘சேவை நாய்’ என்று அச்சடித்த சட்டை, நாயின் படத்தோடு ஓர் அடையாள அட்டை, பதிவு எண் போட்ட சான்றிதழ். அமெரிக்காவில் இணையத்தில் பணம் கட்டினால் இவ்வளவும் வீடு தேடி வந்துவிடும். விற்பவர் நாயைக் கண்ணால்கூடப் பார்த்திருக்க மாட்டார். மாற்றுத்திறனாளிக்கு உதவப் பழக்கிய நாய்தான் சேவை நாய்; செல்லநாயை விடாத கடையும் அதை உள்ளே விட வேண்டும் என்பது அங்கே சட்டம். அப்புறம் செல்லநாய்க்கு அந்தச் சட்டையை மாட்டி, மளிகைக்கடை, உணவகம் என்று கூட்டிக்கொண்டு போகிறவர்கள் உண்டு. அங்கே கடையோ மோட்டலோ நடத்தும் நம்மவர்கள் பலர் அட்டையைப் பார்த்ததும் ‘சரி, உள்ளே வாங்க’ என்று விட்டுவிடுகிறார்கள். அட்டை இல்லாத உண்மையான சேவை நாயைத் தடுத்து வம்பிலும் மாட்டிக்கொள்கிறார்கள். இரண்டுமே தப்பு. அந்த அட்டைக்குச் சட்டத்தில் துளி மதிப்பும் கிடையாது.

சட்டத்தின் பெயர் அமெரிக்க மாற்றுத்திறனாளிகள் சட்டம். 1990-இல் வந்தது. இப்போது நடப்பில் உள்ள சேவை விலங்கு விதிகள் 2011 மார்ச் 15-இல் அமலுக்கு வந்தன. அவற்றின்படி சேவை விலங்கு என்றால் நாய் மட்டும்தான். பாம்பு, குரங்கு, பூனை எதுவும் சேராது. (குட்டை ரகக் குதிரைக்குத் தனியாக ஒரு விதி இருக்கிறது, வேடிக்கை இல்லை, நிஜம்.) அந்த நாய் ஒரு மாற்றுத்திறனாளிக்காக ஏதேனும் குறிப்பிட்ட வேலையைச் செய்யப் பழக்கப்பட்டிருக்க வேண்டும். பார்வையற்றவருக்கு வழிகாட்டுவது, காது கேளாதவருக்குச் சத்தத்தை உணர்த்துவது, சக்கர நாற்காலியை இழுப்பது, வலிப்பு வந்தவரைக் காப்பது போன்றவை.

குழப்பம் வருவது மனநலம் சார்ந்த நாய்களில்தான். பதற்றம் முற்றப்போவதை முன்கூட்டியே உணர்ந்து, அதைத் தணிக்க ஒரு குறிப்பிட்ட செயலைச் செய்ய நாய் பழகியிருந்தால் அது சேவை நாய். ‘இவன் பக்கத்தில் இருந்தால் எனக்கு நிம்மதி’ என்பதோடு சரி என்றால் அது ஆதரவு நாய். அதற்குக் கடையிலோ உணவகத்திலோ இந்தச் சட்டப்படி உரிமை இல்லை. மருத்துவர் கடிதம் காட்டினாலும் அதே பதில்தான்.

சரி, வாசலில் நிற்கும் ஊழியர் என்ன கேட்கலாம்? வேலை கண்ணுக்குத் தெரிந்தால், உதாரணமாக நாய் ஒருவரை வழிநடத்திக்கொண்டு வந்தால், எதுவுமே கேட்கக் கூடாது. தெரியாவிட்டால் இரண்டே கேள்விகள். உடற்குறையோ மனநலக் குறைபாடோ இருப்பதால் தேவைப்படும் சேவை நாயா இது? என்ன வேலை செய்யப் பழக்கியிருக்கிறீர்கள்? ‘சர்க்கரை இறங்கினால் முன்காலால் தட்டி எச்சரிக்கும்’ என்று பதில் வந்தால் பேச்சு அங்கே முடிந்தது. உங்களுக்கு என்ன நோய், சான்றிதழ் எங்கே, ஒரு தடவை தட்டச் சொல்லுங்கள் பார்ப்போம் என்றெல்லாம் கேட்க முடியாது. நாய்க்குச் சட்டை கட்டாயமில்லை. உரிமையாளரே வீட்டில் பழக்கியிருந்தாலும் செல்லும்.

பொய் சொன்னால் எப்படிக் கண்டுபிடிப்பது? அந்த இடத்தில் முடியாது. இது ஓட்டைதான், ஆனால் அடைத்தால் அடிபடுகிறவர்கள் வேறு ஆட்கள். வலிப்பு உள்ளவரைப் பார்த்தால் நோயாளி என்று தெரியாது. போரிலிருந்து மனக்காயத்தோடு திரும்பிய வீரரும் அப்படித்தான். கடைக்குக் கடை அவர்கள் காகிதம் நீட்டி நோயை விளக்கிக்கொண்டிருக்க வேண்டும் என்பதை என்னால் நியாயமென்று சொல்ல முடியவில்லை.

கடைக்காரர் கையில் இருக்கும் உண்மையான பிடி நாயின் நடத்தை. அமைதியான இடத்தில் ஓயாமல் குரைக்கிறது, அடுத்தவர்மேல் பாய்கிறது, உரிமையாளரும் அடக்கவில்லை என்றால் வெளியே கொண்டுபோகச் சொல்லலாம். கண்ட இடத்தில் அசிங்கம் செய்தாலும் அப்படியே. நிஜச் சேவை நாயாக இருந்தாலும் இது பொருந்தும். ஒரே ஒரு தடவை குரைத்தது, யாரோ சீண்டியதால் குரைத்தது என்பதெல்லாம் காரணமாகாது. நாயை அனுப்பினாலும் ஆளை அனுப்ப முடியாது. நாய் இல்லாமல் சாமான் வாங்க அவருக்கு வழிவிட வேண்டும். தள்ளுவண்டியில் நாயை உட்கார வைக்கவும், சாப்பாட்டு மேசை நாற்காலியில் ஏற்றவும் பொதுவாக அனுமதிக்க வேண்டியதில்லை. பக்கத்து வாடிக்கையாளருக்கு ஒவ்வாமை, நாய் என்றால் பயம் என்று சொல்லி மறுக்கவும் கூடாது. மோட்டலில் செல்லப்பிராணிக் கட்டணம் வாங்கக் கூடாது; அறையில் எதையாவது கடித்துக் குதறினால், மற்ற வாடிக்கையாளரிடம் சேதத்துக்குப் பணம் வாங்கும் வழக்கம் இருந்தால், இவரிடமும் வாங்கலாம்.

போலிகளால் பார்வையற்றவர்களும் அடிபடுகிறார்கள். பழக்கமில்லாத செல்லநாய் பாய்ந்து கடித்தால், வழிகாட்டி நாய் மிரண்டுபோய் அதன்பின் வேலைக்கே ஆகாமல் போகக்கூடும். அதன் உரிமையாளருக்கு அன்றோடு வெளியே போகும் வழி அடைபடுகிறது.

இந்த மத்தியச் சட்டத்தில் போலிக்குத் தண்டனை இல்லை. மாநிலங்கள் வைத்திருக்கின்றன. புளோரிடாவில் 60 நாள் வரை சிறை, 500 டாலர் வரை அபராதம், கூடவே 30 மணி நேரச் சமூகப் பணி. டெக்சாஸில் 2023 செப்டம்பர் முதல் அபராதம் 1,000 டாலர் வரை. கலிபோர்னியாவில் 6 மாதம் வரை சிறையோ, 1,000 டாலர் வரை அபராதமோ, இரண்டுமோ.

விமானத்துக்கு விதி வேறு. ஆதரவு விலங்கு என்று சொல்லி 2018-இல் நியூவார்க் விமான நிலையத்துக்கு மயிலையே கொண்டுவந்தார் ஒரு பயணி, ஏற்றவில்லை. 2021 ஜனவரி 11 முதல் ஆதரவு விலங்குகளைச் சேவை விலங்காக ஏற்க வேண்டிய கட்டாயம் விமான நிறுவனங்களுக்கு இல்லை. சேவை நாய்க்கும் உடல்நலம், பழக்கம், நடத்தை பற்றி உறுதிமொழிப் படிவம் கேட்கலாம். அதில் பொய் எழுதினால் மத்தியக் குற்றம்.

வாடகை வீடு இன்னொரு கணக்கு. அங்கே ஆதரவு நாய்க்கும் அனுமதி கேட்க இடமுண்டு. கலிபோர்னியாவில் 2022 முதல், ஆதரவு நாய்க்குக் கடிதம் தரும் மருத்துவரோ ஆலோசகரோ கடிதம் தருவதற்குக் குறைந்தது 30 நாளுக்கு முன்பே அந்த நபரைத் தன்னிடம் வருபவராக ஏற்றிருக்க வேண்டும்.