பேஸ்பால் சதுரமும் ஒரு கர்ணமும்

பேஸ்பால் விதிப்புத்தகத்தில், மைதானம் அமைக்கும் முறையைச் சொல்லும் இடத்தில், 127 அடி 3⅜ அங்குலம் என்று ஓர் அளவு வருகிறது. 90 அடி, 60 அடி 6 அங்குலம் என்ற எண்களுக்கு நடுவே, அங்குலத்தின் எட்டில் ஒரு பங்குவரை இறங்கும் இந்த எண் எதற்கு?

ஓட்டக்காரர் சுற்றிவரும் பாதை ஒரு சதுரம். ஹோம் பிளேட் (பந்தை அடிப்பவர் நிற்கும் இடம்), முதல் பேஸ், இரண்டாம் பேஸ், மூன்றாம் பேஸ் என நான்கு மூலைகள். பக்கத்துக்கு 90 அடி. ஹோம் பிளேட்டுக்கும் இரண்டாம் பேஸுக்கும் நேர்க்கோடு இழுத்தால் சதுரம் இரண்டு செங்கோண முக்கோணங்களாகப் பிரியும். அந்தக் கோடுதான் கர்ணம். 90-இன் வர்க்கம் 8,100. இரண்டு பக்கத்துக்கும் 16,200. அதன் வர்க்கமூலம் சுமார் 127.28. அதாவது 127 அடி 3.35 அங்குலம். நாடாவில் பார்க்கத் தோதாக 3⅜ ஆக்கியிருக்கிறார்கள். பிசகு ஒரு மில்லிமீட்டர்கூட இல்லை.

மைதானம் போடும்போது பக்கத்தை முதலில் அளப்பதில்லை. ஹோம் பிளேட்டின் இடத்தை முடிவுசெய்து, அங்கிருந்து கர்ணத்தை அளந்து இரண்டாம் பேஸைக் குறிக்கிறார்கள். பிறகு இரு முனைகளிலிருந்தும் 90 அடி நாடா பிடித்தால், அவை சந்திக்கும் இடம் முதல் பேஸ். மறுபக்கம் மூன்றாம் பேஸ். கோணத்தை யாரும் அளக்கவே இல்லை. மூன்று நீளமும் சரியாக இருந்தால் 90 டிகிரி தானாக வந்துவிடும். கடைக்கால் தோண்டுமுன் நம் மேஸ்திரி 3, 4, 5 அடி அளந்து கயிறு கட்டி மூலை பார்ப்பாரே, அதே கணக்குதான்.

1845-இல் நியூயார்க்கின் நிக்கர்பாக்கர் கழகம் எழுதிய விதிகளில் பக்க நீளமே கிடையாது. ஹோமிலிருந்து இரண்டாம் பேஸுக்கு 42 தப்படி, முதல் பேஸிலிருந்து மூன்றாம் பேஸுக்கு 42 தப்படி, அவ்வளவுதான். தப்படி 3 அடி என்றால் பக்கம் 89 அடி. இரண்டரை அடி என்றால் வெறும் 74. 1857-இல் பக்கம் 90 அடி என்றே எழுதிவைத்ததும் அந்தக் குழப்பம் தீர்ந்தது.

கர்ணத்தின் நீளம் ஆட்டத்தில் உறைப்பது பேஸ் திருட்டின்போது. பந்து அடிக்கப்படும்வரை காத்திராமல் அடுத்த பேஸுக்கு ஓடிவிடுவதுதான் அது. பந்து வீசுபவரான பிட்சர் வீசத் தொடங்கியதும் முதல் பேஸில் இருப்பவர் இரண்டாவதை நோக்கிப் பாய்கிறார். பேட்டருக்குப் பின்னால் குந்தியிருக்கும் கேட்சர் பந்தைப் பிடித்து, எழுந்து, ஓட்டக்காரரை முந்தும்படி முழுக் கர்ணத்துக்கும் எறிய வேண்டும். பிட்சர் நிற்பதும் அதே கோட்டில் என்பதால் அவர் குனிந்து வழிவிடுகிறார். மணிக்கு 80 மைல் வேகம் என்றால் நொடிக்கு 117 அடி. காற்றின் தடையை விட்டுவிட்டாலும் பந்து போய்ச்சேர 1.09 நொடி ஆகும். மூன்றாம் பேஸுக்கு எறிவது 90 அடிதான், 0.77 நொடி போதும். மிச்சமாகும் 0.32 நொடியில், நொடிக்கு 27 அடி ஓடும் வீரர் எட்டடிக்கு மேல் கடந்துவிடுவார். மூன்றாம் பேஸைத் திருடுவது துணிச்சலான காரியம் என்பது இதனால்தான். ஆனால் இரண்டாம் பேஸில் இருப்பவரை அவ்வளவு நெருக்கமாக யாரும் காவல் காப்பதில்லை. முன்கூட்டியே மூன்றாம் பேஸ் பக்கமாக நன்றாக விலகி நின்று அந்தக் கடனைக் கொஞ்சம் அடைத்துவிடுவார்.

பிட்சர் சதுரத்தின் நட்டநடுவில் நிற்பதாகத் தோன்றும். நடு என்பது ஹோமிலிருந்து 63.6 அடி. 1893 முதல் பிட்சரின் தூரமோ 60 அடி 6 அங்குலம். மூன்றடி முன்னால்தான் நிற்கிறார்.

எனக்கு மிகவும் பிடித்தது ஹோம் பிளேட்டின் கணக்கு. ஐந்து பக்கமுள்ள அந்த ரப்பர் தட்டின் அகலம் 17 அங்குலம். பின்முனையில் சேரும் இரு விளிம்புகளும் தலா 12 அங்குலம், செங்கோணத்தில் சந்திக்க வேண்டியவை. 144-உம் 144-உம் கூட்டினால் 288. 17-இன் வர்க்கம் 289. ஒன்று இடிக்கிறது! எழுதியுள்ள அளவுகளை அப்படியே எடுத்தால் அந்த மூலை 90.2 டிகிரி. விளிம்பை மட்டும் நம்பி ஆடுகளத்தின் இரு பக்க எல்லைக்கோடுகளை இழுத்தால், 330 அடி தள்ளியுள்ள வேலியை எட்டும்போது ஒவ்வொரு கோடும் ஏறக்குறைய 7 அங்குலம் வெளியே போயிருக்கும். கோடுகளை முதல், மூன்றாம் பேஸ்களை வைத்து இழுப்பதால் இந்தப் பிசகு தட்டோடு நின்றுவிடுகிறது.