கேக் நடுவுல மட்டும் ஏன் மலையாட்டம் எழும்புது?

போன மாசம் பொண்ணுக்கு ஆறாவது பர்த்டே, 24 வாண்டுங்க வரும்னு கணக்குப் போட்டு 13க்கு 9 இன்ச் ட்ரேல நானே ஷீட் கேக் போட்டேன் (6க்கு 4ன்னு வெட்டினா சரியா 24 துண்டு, ரவுண்டு கேக்ல இந்த வசதி கிடையாது). வெந்ததும் எடுத்துப் பாத்தா ஓரமெல்லாம் தட்டை, நடுவுல மட்டும் பரங்கிமலை மாதிரி மேடு, அது மேல வெடிப்பு வேற. இது மேல எங்க பேர் எழுதுறது?

கேக் எப்படி உப்புதுன்னு புரிஞ்சா மேடு ஏன் வருதுன்னும் புரிஞ்சுடும். பேக்கிங் பவுடர் தான் குமிழி உண்டாக்குதுன்னு ரொம்ப நாள் நினைச்சிட்டிருந்தேன். அது புதுசா குமிழி போடுறதில்ல, ஏற்கெனவே இருக்கிறதை ஊதிப் பெருசாக்குது, அவ்ளோ தான். குமிழிய உள்ள வைக்கிறது நாம, வெண்ணெயும் சர்க்கரையும் சேத்து அடிக்கிறப்போ, சர்க்கரையோட கூர்முனைங்க காத்தை வெண்ணெய்க்குள்ள இழுத்துட்டுப் போகும். அதனால வெண்ணெய் மெத்துன்னு இருக்கணும், ஆனா உருகக் கூடாது. சென்னை மே மாசத்துல மேடையில வெச்சு மறந்துட்டா 33, 34 டிகிரியிலயே எண்ணெயா ஓடிடும், எண்ணெயா ஆனதுல காத்து தங்காது, கேக் களிமண்ணு மாதிரி தான் வரும்.

பேக்கிங் பவுடர்ல இருக்கிறது சோடா உப்பு, பொடியான அமிலம், ரெண்டும் டப்பாக்குள்ளயே சண்டை போட்டுக்காம இருக்க கொஞ்சம் சோள மாவு. ஈரம் பட்டதும் கொஞ்சம், சூடு ஏறினதும் மீதின்னு கார்பன் டை ஆக்சைடு விடும். 1843ல இங்கிலாந்து பர்மிங்காம்ல ஆல்ஃபிரட் பேர்ட்னு ஒரு கெமிஸ்ட், மனைவிக்கு ஈஸ்ட் ஒத்துக்கலன்னு இதோட ஆரம்ப வடிவத்தைப் பண்ணாரு, பொண்டாட்டிக்காக பண்ணதுல உலகமே கேக் சாப்பிடுது!

சரி, இப்ப ஓவனுக்குள்ள வருவோம். ஒரு பக்கம் வாயு விரிஞ்சு மாவை மேல தள்ளுது, இன்னொரு பக்கம் முட்டைப் புரதமும் மைதாவுல இருக்கிற ஸ்டார்ச்சும் 80, 90 டிகிரி வாக்குல இறுகி அப்படியே நின்னுடுது. ரெண்டுக்கும் ரேஸ். ட்ரேயோட அலுமினிய சுவர் சட்டுனு சூடாகுறதால ஓரத்து மாவு முதல்ல இறுகிடும், பாதி உசரத்துலயே நின்னுடும், ஆனா நடு இன்னும் கூழா இருக்கு, அங்க வாயு தள்ளிட்டே இருக்கு, பக்கத்துல போக வழியில்ல, மேல தான் போகணும், அதுக்குள்ள மேல்தோல் காஞ்சு போயிருக்கும், அதைப் பிளந்துட்டு வருது. இதே நேரத்துல "வெந்துச்சா"ன்னு கதவைத் திறந்தீங்கன்னா சூடு இறங்கி வாயு சுருங்கி நடு பள்ளமாயிடும், மலையே தேவலாம்.

தட்டு இட்லிய யோசிச்சுப் பாருங்க, அகலமா இருந்தாலும் சீக்கிரம் வெந்துடுது, தடிமன் கம்மி. தடிமன் ரெண்டு மடங்கானா சூடு நடுவுக்குப் போய்ச் சேர ரெண்டு மடங்கு இல்ல, கிட்டத்தட்ட நாலு மடங்கு நேரம். ஷீட் கேக்கோட ப்ளஸ்ஸே இது தான், நான் தான் ஆசைப்பட்டு ட்ரே முட்ட மாவை ஊத்திட்டேன். பாதிக்கு மேல ஊத்தாதீங்க, 180 டிகிரிக்கு பதிலா 160ல கொஞ்சம் கூட நேரம் விடுங்க, ஓரமும் நடுவும் ஒண்ணா வேகும். ட்ரேய சுத்தி ஈரத் துணி கட்டுற வழியும் உண்டு, ஈரம் இருக்கிற வரைக்கும் துணி 100 டிகிரிய தாண்டாது, ஓரம் நிதானமா வேகும். ஆனா சின்ன ஓடிஜில (வீட்டு கரண்ட் ஓவன்) சூடாகுற கம்பி பக்கத்துலயே இருக்கும், துணி அதுல பட்டா கதை வேற, அதனால நான் அதைத் தொடுறதில்ல.

அன்னிக்கு என்ன பண்ணேன்னா, நல்லா ஆற விட்டு (சூட்டோட ஐசிங் வெச்சா அதுல இருக்கிற வெண்ணெய் உருகி வழியும்) மேட்டை பிரெட் கத்தியால சீவி, கேக்கைத் தலைகீழா கவுத்துட்டேன், அடிப்பக்கம் பலகை மாதிரி சமமா இருந்துச்சு, அதுல பேர் எழுதியாச்சு. சீவின மேட்டை விருந்தாளிங்க வர்றதுக்கு முன்னாடியே பர்த்டே பொண்ணு காலி பண்ணிட்டா.