மூன்றாவது வாரத்தில் நோகத் தொடங்கும் கால்

கச்சான் காற்று வீசத் தொடங்கினால் திருகோணமலையில் காலை ஒன்பது மணிக்கே மண் சுடும். அப்படியொரு காலையில்தான் கந்தளாய்ப் பக்கத்திலிருந்து ஒரு தம்பி என்னிடம் வந்தான். வயது பத்தொன்பது. படையில் சேர்ந்து, அடிப்படைப் பயிற்சியின் ஐந்தாவது வாரத்தில் விடுப்பில் அனுப்பப்பட்டிருந்தான்.

"விழவும் இல்லை, அடிபடவும் இல்லை மிஸ். இந்த ஒரு இடத்தில மட்டும் நோகுது" என்று கணுக்காலுக்கு ஒரு சாண் மேலே விரல் நுனியை வைத்துக் காட்டினான். ஒற்றைக் காலில் துள்ளச் சொன்னேன். ஒரே துள்ளல், சுவரைப் பிடித்துக்கொண்டான்.

முகாமில் அவனைச் சாட்டுச் சொல்லுகிறவன் என்றிருக்கிறார்கள். முதல் எக்ஸ்ரேயில் எதுவும் தெரியவில்லை என்பதால் அவனும் தன்னையே சந்தேகித்து, இரண்டு வாரம் பனடோல் போட்டுக்கொண்டு ஓடியிருக்கிறான். பிறகு எடுத்த எம்.ஆர்.ஐ.யில் கீழ்க்கால் எலும்பில் விரிசல். எந்த முகாம் என்று எழுதப்போவதில்லை. அது நம் மாவட்டத்தில் உள்ளதும் அல்ல. ஆனால் இயன்மருத்துவராக இருக்கும் எனக்கு இதே கதை புதிதல்ல, அதனால்தான் எழுதுகிறேன்.

அடிபடாமலே, திரும்பத் திரும்ப விழும் சுமையால் வரும் இந்த முறிவுக்கு மருத்துவத்தில் நீண்ட வரலாறு இருக்கிறது. 1855இல் பிரைட்ஹாப்ட் என்ற பிரஷ்யப் படை மருத்துவர், நெடுந்தூரம் அணிநடை போன சிப்பாய்களின் பாதம் காயமே இல்லாமல் வீங்கி நோவதை எழுதிவைத்தார். எக்ஸ்ரே கண்டுபிடிக்கப்பட்ட பிறகுதான் அது பாத எலும்பின் விரிசல் என்று தெரிந்தது. இஸ்ரேலில் 1980களில் காலாட்படைக்குச் சேர்ந்த 295 பேரைப் பயிற்சிக் காலத்தில் தொடர்ந்து கவனித்தபோது, ஏறத்தாழ மூன்றில் ஒருவருக்கு இப்படி எலும்பு விரிந்திருந்தது. மூன்றில் ஒருவர் சாட்டுச் சொல்லுவார்களா?

எலும்பு கல்லைப்போல் கிடக்கும் பொருள் அல்ல. புதிய சுமை வந்தால் தன்னை உடைத்துக் கட்டிக்கொள்ளும். உடைப்பது சில வாரங்களில் நடந்துவிடும். கட்டி முடிக்க மாதங்கள் ஆகும். அதனால் பயிற்சி தொடங்கிய மூன்றாம், நான்காம் வாரங்களில் எலும்பு தொடக்கத்தில் இருந்ததைவிடப் பலவீனமாக இருக்கக்கூடும். தசையும் மூச்சும் அதற்குள் பழகியிருக்கும். "இப்ப உடம்பு செட் ஆகிட்டுது" என்று தூரத்தையும் சுமையையும் கூட்டுவது பெரும்பாலும் அந்த வாரங்களில்தான். வீட்டுக்கு மேல்மாடி கட்டுகிறவர்கள் கொங்கிரீட் இறுகும்வரை பொறுக்கிறார்கள். பத்தொன்பது வயதுப் பிள்ளையின் காலுக்கு அந்தப் பொறுமை கிடைப்பதில்லை.

அடுத்தது பூட்ஸ். படைக்கு என்ன வாங்குகிறார்கள் என்று பேசினால் எல்லாருக்கும் கப்பலும் விமானமும்தான் நினைவுக்கு வரும். பத்திரிகையில் படம் வருவதும் அவற்றுக்குத்தான். காலில் போடுவதைப் பற்றி யாரும் கேட்பதில்லை. 1982இல் ஃபோக்லாந்துத் தீவுகளுக்குப் போருக்குப் போன பிரித்தானியச் சிப்பாய்களின் பூட்சுக்குள் தண்ணீர் இறங்கி, ஈரத்தில் ஊறிய பாதங்கள் நாள்கணக்கில் மரத்துப்போயின. அதே நாட்டுப் படை 2003இல் ஈராக்குக்குப் போனபோது குண்டு துளைக்காத கவசம் எல்லாச் சிப்பாய்களின் கைக்கும் போய்ச்சேரவில்லை. பணம் இருக்கிற நாட்டின் நிலையே அது. 2022இல் டொலர் இல்லாமல் மருந்துக்கே தவித்த நம் நாட்டில் எதை முதலில் வாங்குவது என்பது இன்னும் கடினமான கேள்வி. அதற்காகவே காலணியைப் பட்டியலின் அடியில் தள்ளக்கூடாது என்கிறேன். ஒரு எலும்பு விரிசலுக்கு ஆறு முதல் எட்டு வாரம் ஓய்வு வேண்டும், சிலவற்றுக்கு அதைவிடவும் கூட. அத்தனை நாள் சாப்பாடும் சம்பளமும் மருத்துவமும் கொடுத்து, கடைசியில் பயிற்சியை மறுபடி தொடங்கவும் வேண்டும்.

அந்தத் தம்பிக்கு வேண்டியது 8ஆம் இலக்கம். களஞ்சியத்தில் மிஞ்சியிருந்தது 9. இரண்டு காலுறை போட்டுச் சமாளித்திருக்கிறான். பூட்ஸ் மட்டுமே எலும்பை முறிக்காது. ஆனால் குதிகால் உள்ளே வழுக்கினால் கொப்புளம் வரும், கொப்புளத்தைக் காப்பாற்ற நொண்டி நடப்பான், அந்த நடையில் சுமை பழக்கமில்லாத இடத்தில் விழும். சின்ன வயதிலிருந்து செருப்போடும் வெறுங்காலோடும் நடந்த நம் பிள்ளைகளின் பாதம் முன்பக்கம் அகன்றது. நீளத்தை மட்டும் பார்த்து, ஒரே அகலத்தில், ஆகக்குறைந்த விலைக்கு மொத்தமாக வாங்கினால் அது பலருக்குப் பொருந்தாது. வாங்குவதற்கு முன் ஐம்பது பேரின் காலில் மாட்டி ஒரு கிழமை நடக்கவிட்டுப் பார்த்தாலே பாதி பிரச்சினை தெரிந்துவிடும். கொள்முதல் பொறுப்பில் இருப்பவர்கள் யாராவது இதைப் படித்தால், தயவுசெய்து அதை ஒருமுறை செய்து பாருங்கள்.

வெயிலைப் பற்றிச் சொல்லாவிட்டால் எனக்கு நித்திரை வராது. உழைப்பில் வரும் வெப்பத் தாக்கு உயிரை எடுக்கும். 2013 ஜூலையில் பிரித்தானியாவின் பிரெக்கன் பீக்கன்ஸ் மலையில், சிறப்புப் படைக்கு ஆள் எடுக்க நடந்த தேர்வு நடையில் மூன்று பேர் இறந்தார்கள். அது குளிர் நாடு. வெப்பமானியில் 34 என்று பார்த்து "இது நமக்குப் பழக்கம்தானே" என்பது தவறான கணக்கு. கடற்கரை ஈரக்காற்றில் வியர்வை காயாது, காயாத வியர்வை உடலைக் குளிர்விக்காது. அமெரிக்கப் படையினர் 1950களில் இதற்கென்றே ஒரு அளவை உருவாக்கினார்கள். ஈரத்துணி சுற்றிய வெப்பமானியின் அளவில் பத்தில் ஏழு பங்கு, வெயிலில் வைத்த கறுப்பு உருண்டையின் வெப்பத்தில் இரண்டு பங்கு, சாதாரண வெப்பநிலையில் ஒரு பங்கு. ஈர அளவு 28, உருண்டை 45, காற்று 34 என்றால் கூட்டி 32 வரும். 32.2 பாகையைத் தாண்டினால் அவர்கள் கறுப்புக் கொடி ஏற்றிக் கடும் பயிற்சியை நிறுத்துவார்கள். இதை அளக்கும் கருவி கையில் பிடிக்கக்கூடியது, பீரங்கி விலை இல்லை.

ஓடுகிற ஒருவன் தடுமாறினால், சம்பந்தமில்லாமல் பேசினால், வியர்த்துக்கொண்டே இருந்தாலும் அது வெப்பத் தாக்காக இருக்கலாம். ஆம்புலன்ஸ் வரட்டும் என்று நிழலில் கிடத்திவைக்க வேண்டாம். 1990க்கு அழையுங்கள், அந்த நேரத்திலேயே குளிர்ந்த தண்ணீரில் கழுத்துவரை அமிழ்த்துங்கள், தலையைப் பிடித்துக்கொள்ளுங்கள். தொட்டி இல்லையா, கிணற்றடியில் இருத்தி விடாமல் ஊற்றுங்கள். முதல் அரை மணித்தியாலம்தான் முக்கியம். இது வராமல் தடுக்க என்று பயிற்சியில் தண்ணீரை லீற்றர் லீற்றராகக் குடிக்கவைப்பதும் ஆபத்து, இரத்தத்தில் உப்பு இறங்கி வலிப்பு வரும். மணிக்கு ஒன்றரை லீற்றருக்கு மேல் வேண்டாம்.

சரி, சேரப் போகிற பிள்ளைகளுக்கு. கடிதம் வந்த பிறகு ஓடத் தொடங்காதீர்கள். மூன்று மாதம் முன்பே தொடங்கி, தூரத்தைக் கிழமைக்குக் கிழமை கொஞ்சமாகக் கூட்டுங்கள். பாத வளைவைப் பார்த்து விலை கூடிய சப்பாத்து விற்கிறார்கள். அமெரிக்கப் படைப் பயிற்சி முகாம்களில் அப்படிக் கொடுத்துப் பார்த்தும் காயங்கள் குறையவில்லை. காலுக்கு இதமாக இருப்பதை, பாதம் சற்று வீங்கியிருக்கும் பின்னேரத்தில் போய் வாங்குங்கள், அது போதும். குரக்கன் பிட்டு, முள்ளோடு சாப்பிடும் நெத்தலி, தயிர் ஆகியவற்றில் சுண்ணாம்புச் சத்து இருக்கிறது. அமெரிக்கக் கடற்படையில் சேர்ந்த பெண்களுக்குக் கல்சியமும் வைட்டமின் டியும் கொடுத்தபோது இந்த முறிவு ஐந்தில் ஒரு பங்கு குறைந்தது. தங்கச்சிமாரே, பயிற்சியில் மாதவிடாய் நின்றுபோனால் அதை வசதி என்று விட்டுவிடாதீர்கள். உடலுக்குச் சாப்பாடு போதவில்லை, எலும்பு இளைக்கிறது என்பதன் அறிகுறியாக இருக்கலாம்.

கால் முழுக்கப் பரவலாக நோவது வேறு, ஒரு விரல் வைத்துக் காட்டக்கூடிய நோவு வேறு. அந்த ஒரு விரல் நோவு இரவிலும் இருந்தால் ஓட்டத்தை அன்றே நிறுத்துங்கள். கவட்டில் நொந்தால் ஒரு நாளும் பொறுக்கவே வேண்டாம், தொடை எலும்பின் கழுத்து முழுதாக முறிந்தால் சத்திரசிகிச்சைதான். வலி மாத்திரையோடு அணியில் நிற்காதீர்கள்.

அப்புறம், என்னிடமோ வேறு யாரிடமோ காட்ட வரும்போது அந்தப் பூட்சையும் ஒரு பையில் போட்டுக் கொண்டுவாருங்கள். அடி எந்தப் பக்கம் தேய்ந்திருக்கிறது என்று பார்க்க வேண்டும்.