நாலாவது கால்

போன மாதம் ஒரு அம்மா தன் நாலாவது காலுக்கு அளவு கொடுக்க வந்தார். இலங்கையின் வடக்கே பளைப் பக்கம், வயது அறுபதைத் தாண்டிவிட்டது. வலது காலில் முழங்காலுக்குக் கீழே இல்லை. பழைய காலைக் கழற்றி மேசையில் வைத்துவிட்டு, "தம்பி, இது என்னை விடக் கிழடாப் போச்சு" என்றார். பொய்யில்லை. பாதத்து ரப்பர் பெருவிரல் பக்கம் பிளந்திருந்தது. சைக்கிள் டியூபை வெட்டிச் சுற்றி அவரே ஒட்டியிருந்தார். அந்த ஒட்டு வேலையைப் பார்த்தால் எங்கள் பட்டறையிலேயே ஆளைச் சேர்த்துக்கொள்ளலாம்.

அவருக்குக் கால் போனது போர் நடந்த காலத்தில் இல்லை. 2011இல், போர் முடிந்து இரண்டு வருடம் கழித்து. மீள்குடியேறி, வளவைத் துப்புரவாக்கி, வேலி அடைக்க ஓலை பொறுக்கப் போன இடத்தில் மிதிவெடி. "சத்தம் கேட்கேல்லை தம்பி. செருப்பு எங்க போச்சுதெண்டுதான் முதல்ல தேடினன்" என்பார்.

செயற்கைக் கால் செய்வது என் தொழில். போரின் சரி பிழை பேச என்னை விடக் கெட்டிக்காரர்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள். ஒரு போர் ஒருவர் உடம்புக்குள் எத்தனை வருடம் ஓடும் என்பது மட்டும் எனக்குக் கொஞ்சம் தெரியும். அதைத்தான் எழுதுகிறேன்.

மிதிவெடி ஆளைக் கொல்வதை விட முடமாக்குவதற்கென்றே செய்த சாமான். செத்தவனை விட்டுவிட்டுப் போகலாம், கால் போனவனைத் தூக்க இரண்டு பேர் வேண்டும். அந்தக் கணக்குத்தான். இங்கே தோண்டி எடுத்தவற்றில் இருந்த சீனத்து டைப் 72, உள்ளங்கையில் அடங்கும் பிளாஸ்டிக் டப்பா. உள்ளே சுமார் 50 கிராம் வெடிமருந்து. புலிகள் செய்த ஜொனி, ஒரு சின்ன மரப்பெட்டி.

வெடிக்கும்போது மண், செருப்புத் துண்டு, பாதத்து எலும்பு எல்லாம் தசைகளுக்கு நடுவே மேல்நோக்கி அடித்துக்கொண்டு போகும். வெளியே பார்த்தால் பாதம் மட்டும் போனது மாதிரி இருக்கும், உள்ளே கெண்டைக்கால் முழுக்க அழுக்கு. அதனால்தான் சத்திரசிகிச்சை செய்கிறவர் இன்னும் மேலே வெட்டுகிறார். காயத்தையும் உடனே தைக்காமல் நாலைந்து நாள் திறந்தே விடுகிறார். "கொஞ்சம் மிச்சம் பிடிச்சிருக்கலாமே" என்று உறவுகள் அவரைத் திட்டுவதைக் கேட்டிருக்கிறேன். மிச்சம் பிடித்திருந்தால் அழுகியிருக்கும்.

அப்புறம் எங்களிடம் வருகிறார்கள். ஒரு தரம் வந்தவர்கள் ஆயுள் முழுக்க வருகிறார்கள். வளர்ந்த ஆளுக்கு ஒரு கால் மூன்றிலிருந்து ஐந்து வருடம் தாங்கும். பிள்ளைகளுக்கு ஆறு மாதத்துக்கு ஒன்று வேண்டும், வளர்கிறார்கள் அல்லவா. பத்து வயதில் கால் போன பிள்ளை அறுபது வரை இருந்தால் இருபத்தைந்து கால் தேவைப்படும். பிள்ளைகளுக்கு இன்னொரு தொல்லை. வெட்டிய எலும்பு தோலை விட வேகமாக வளர்ந்து நுனியில் குத்தும், மறுபடி வெட்ட வேண்டும். எனக்குத் தெரிந்த ஒரு பையனுக்கு மூன்று தரம் வெட்டினார்கள். இப்போது அவன் ஒரு குழந்தைக்கு அப்பா. குழந்தையைத் தூக்கிக்கொண்டு படியிறங்கப் பழக்கிவிடச் சொல்லி வந்திருந்தான். ஒரு பின்னேரம் முழுக்க ஐந்து கிலோ அரிசிப் பையைத் தோளில் போட்டுப் பழகினோம்.

படிக்கிற காலத்தில் கொழும்புப் பக்கம் இருந்தேன். அங்கே பயிற்சியில் நான் பிளாஸ்டர் சுற்றிய முதல் கால் ஒரு சிங்களச் சிப்பாயுடையது. மாத்தறை மாவட்டத்துக் கிராமத்து ஆள். எங்கே என்று கேட்டதற்கு "முகமாலே" என்றார். பிறகு அரைகுறைத் தமிழில், "அங்கே தென்னை எல்லாம் திரும்ப வளர்ந்ததா?" என்று கேட்டார். ஷெல் பட்டுத் தலை போன தென்னை துளிர்க்காது என்றேன். அது அவருக்கும் தெரியும், அவர் வீட்டிலும் தென்னைதான். சும்மா கேட்டாராம்.

முகமாலையைத் தெரியாதவர்களுக்காக: 2000இல் ஆனையிறவு இராணுவ முகாம் புலிகளிடம் விழுந்த பிறகு, கிளாலியிலிருந்து முகமாலை ஊடாக (இங்கே உள்ள) நாகர்கோவில் வரை யாழ் குடாநாட்டின் கழுத்தில் ஒரு போர்முனைக் கோடு விழுந்தது. இரண்டு பக்கமும் மண் அணையும் பதுங்கு குழியும், நடுவே மிதிவெடி. 2006 அக்டோபர் 11 அன்று அதைத் தாண்டப் போன இராணுவத்தில் சில மணி நேரத்துக்குள் நூற்றுக்கு மேற்பட்டவர்கள் செத்தார்கள். கோடு நகரவில்லை. எதிர்ப்பக்கத்தில் செத்த பிள்ளைகளும் இந்த மண்ணில்தான் கிடந்தார்கள். கடைசியில் 2009 ஜனவரி 2இல், வேறு திசையிலிருந்து வந்த படையிடம் கிளிநொச்சி விழுந்தது. அடுத்த சில நாளில் புலிகள் முகமாலையை விட்டுப் பின்வாங்கினார்கள். அத்தனை பேரைத் தின்றது அந்தக் கோடு, காக்க வேண்டிய தேவை இல்லை என்று விட்டுவிட்டுப் போக முடிந்திருக்கிறது. மிதிவெடியைத்தான் யாரும் கூட்டிப்போகவில்லை.

பளை அம்மா மிதித்தது யார் புதைத்தது என்று அவருக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. அந்தச் சிப்பாய் மிதித்ததும் அப்படித்தான். இரண்டு பேருக்கும் வெட்டு ஏறக்குறைய ஒரே உயரம். சொக்கட், அதாவது வெட்டிய கால் நுழையும் கிண்ணம், செய்யும்போது முழங்கால் சில்லுக்குக் கீழே இருக்கும் தசைநாரில்தான் இருவருக்கும் பாரம் ஏற்றினேன். அந்த இடத்தில் ஆளுக்கு ஆள் வித்தியாசம் ஒன்றும் இருப்பதில்லை.

இல்லாத கால் வலிப்பதைப் பற்றிப் பலர் வெட்கப்பட்டுச் சொல்வதே இல்லை. பைத்தியம் என்று நினைத்துவிடுவார்களாம். அமெரிக்க உள்நாட்டுப் போரில் கால் இழந்தவர்களைப் பார்த்துவிட்டு சைலஸ் வேர் மிட்செல் என்ற மருத்துவர் 1871இலேயே இதற்குப் பெயர் வைத்துவிட்டார். 1990களில் நம் தமிழ்நாட்டில் பிறந்த வி.எஸ். ராமச்சந்திரன், ஒரு கண்ணாடியை நடுவில் வைத்து, இருக்கிற கையின் பிம்பத்தை இல்லாத கையாக மூளைக்குக் காட்டலாம் என்று செய்து பார்த்தார். காலுக்கும் அதையே செய்கிறோம். எல்லோருக்கும் கேட்காது, சிலருக்கு நன்றாகக் கேட்கும். பளை அம்மாவுக்கு நாங்கள் வைத்த கண்ணாடி பிடிக்கவில்லை. ராத்திரி கட்டிலில் இருந்து, கால் இருக்க வேண்டிய வெறும் இடத்தைத் துவாயால் தட்டிக்கொடுக்கிறார். சுகமாக இருக்கிறதாம். சரி, அதுவும் வைத்தியம்தான்.

கால் போட்டிருப்பவர்கள் வீட்டில் செய்ய வேண்டியது கொஞ்சம்தான். இரவில் கழற்றி, சோப்புப் போட்டுக் கழுவி, நன்றாகத் துடையுங்கள். ஈரக் காலுறையோடு போடாதீர்கள். ஒரு சிவப்புத் தழும்பு அரை மணி நேரத்தில் மறையாவிட்டால் காலைப் போடாமல் எங்களிடம் வாருங்கள். சீனி வருத்தம் (நீரிழிவு) இருந்தால் இன்னும் கவனம். அன்று வெடியில் ஒரு காலை இழந்து, இப்போது சீனியில் மற்றக் காலையும் இழந்தவர்களைப் பார்த்தாயிற்று.

இலங்கை 2017 டிசம்பரில்தான் மிதிவெடித் தடை ஒப்பந்தத்தில் சேர்ந்தது. எல்லாவற்றையும் எடுத்து முடிக்கக் கெடு 2028 ஜூன். அதுவரை மண்டையோட்டுப் பலகைக்கு அப்பால் விறகுக்கோ பழைய இரும்புக்கோ போகாதீர்கள். மழைக்குப் பிறகு வெளியே தெரியும் டப்பாவைத் தொடாமல், கிராம சேவையாளரிடமோ பொலிஸிலோ சொல்லுங்கள். உள்ளே போய்விட்டோம் என்று தெரிந்தால் அப்படியே நின்று கூப்பிடுங்கள். யாராவது மிதித்துவிட்டால் ஓடிப்போய்த் தூக்கத்தான் மனம் சொல்லும். அப்படி ஓடுகிறவரும் இன்னொரு வெடியை மிதிக்கலாம். பளை அம்மாவைத் தூக்க ஓடிவந்தவர் அவருடைய தம்பி. அவர் உயிரோடு இல்லை.

பிளாஸ்டர் காயும்வரை அம்மா பையிலிருந்து இரண்டு தேங்காய் எடுத்து வைத்தார். மீள்குடியேறியபோது வைத்த கன்று காய்த்ததாம். ஊன்றுகோலோடு இவ்வளவுதான் தூக்க முடிந்தது, அடுத்த முறை கூட்டிக் கொண்டுவருவேன் என்றார். அட்டையில் தேதி எழுதும்போது, "அஞ்சாவது கால் எப்ப வரும்?" என்று கேட்டார். நாலு வருடம் போகும் என்றேன். விரல் விட்டு எண்ணிப் பார்த்தார்.

"அப்ப இதைக் கொஞ்சம் கெட்டியாச் செய் தம்பி."