'லித்' என்று வந்தால் கல்

அகராதியில் பழக்கமில்லாத ஆங்கிலச் சொல் ஒன்றில் எல், ஐ, டி, எச் என்ற நான்கு எழுத்தும் அதே வரிசையில் வந்தால், முதலில் அதற்குள் ஒரு கல் இருக்கிறதா என்று பாருங்கள். கிரேக்கத்தில் 'லிதோஸ்' என்றால் கல். மோனோலித் (ஒற்றைக்கல்), மெகாலித் (பெருங்கல்), நியோலித்திக் (புதிய கற்காலம்) ஆகியவை பலருக்கும் தெரிந்தவைதான். அதிகம் புழங்காத சொற்களில்தான் சுவை இருக்கிறது.

ஓட்டோலித் என்பதில் 'ஓட்டோ' காதைக் குறிக்கிறது. உள்காதில் கால்சியம் கார்பனேட்டால் ஆன நுண்ணிய துகள்கள் உண்டு. தலை எந்தப் பக்கம் சாய்கிறது, உடல் எந்தத் திசையில் வேகம் எடுக்கிறது என்று மூளை அறிய அவை உதவுகின்றன. இடம் பெயர்ந்து அரைவட்டக் குழல்களுக்குள் போய்விட்டால் தலை கிறுகிறுவென்று சுற்றும். மீன்களுக்கு இந்தக் கற்கள் பெரிதாகவே இருக்கும். அவற்றில் மர வளையம் போல ஆண்டு வளையங்கள் படிவதால், அவற்றை எண்ணி மீனின் வயதைக் கணக்கிடுகிறார்கள். தமிழில் 'செவிக்கல்' என்றால் போதும், விளக்கமே வேண்டாம்.

மருத்துவத்தில் இன்னும் இரண்டு சொற்கள். லித்தாட்டமி என்பது உடலுக்குள் சேர்ந்த கல்லை அறுத்து எடுப்பது, அதாவது கல்லறுவை. மிகப் பழைய சிகிச்சை இது. கல்லுக்காகக் கத்தி வைக்க மாட்டேன் என்று பண்டைய கிரேக்க மருத்துவர்களின் ஹிப்போகிரட்டீஸ் உறுதிமொழியிலேயே ஒரு வரி வருகிறது. லித்தோட்ரிப்ஸி என்பது கல்லை உள்ளேயே நொறுக்குவது. அதை 'கல் நொறுக்கல்' என்று தயங்காமல் எழுதலாம்.

நிலவைப் பற்றிய கட்டுரைகளில் ரெகோலித் என்ற சொல் வரும். 'ரெகோஸ்' என்றால் போர்வை. அடிப்பாறையை மூடிக் கிடக்கும் தூசியும் துண்டுக்கற்களும்தான் ரெகோலித். சிலர் வெறுமனே 'மண்' என்று எழுதுகிறார்கள். மண் என்றதும் உயிர்ப்பொருள் கலந்த, பயிர் விளையும் நிலம் நினைவுக்கு வரும். நிலவில் அது கிடையாது. அதனால் மூலத்தையே பின்பற்றி 'கற்போர்வை' என்று சொல்வதே எனக்குப் பொருத்தமாகப் படுகிறது.

லித்தியமும் இந்தக் குடும்பம்தான். தண்ணீரைவிட எடை குறைந்த உலோகத்துக்குக் கல்லின் பெயர் எப்படி வந்தது? சோடியமும் பொட்டாசியமும் தாவரச் சாம்பலோடு தொடர்புள்ளவை. 1817இல் ஸ்வீடனில் வேதியியலாளர் ஆர்ஃப்வெட்சன் கண்டறிந்த இந்தத் தனிமமோ கனிமக் கல்லிலிருந்து கிடைத்தது. அதுதான் காரணம்.

சரி, இந்த எழுத்து வரிசை ஏமாற்றும் இடமும் உண்டு. கடைசியில் ஓர் 'ஈ' சேர்ந்து 'லைத்', 'பிளைத்' என்று ஒலித்தால் கல்லை மறந்துவிடுங்கள். இவை பழைய ஆங்கிலச் சொற்கள், கிரேக்கத்தோடு உறவில்லை. முன்னதற்கு மென்மையானது என்று பொருள் இருந்தது. இன்று நெகிழ்ந்து வளையும் உடலைக் குறிக்கிறது. 'துவளும்' என்ற சொல் அதற்கு நன்றாகப் பொருந்தும். பின்னது மகிழ்ச்சியைக் குறித்தது. இப்போது பெரும்பாலும் 'கவலையற்ற' என்ற பொருளில் வருகிறது.