ஏரிக்கரையில் தனி நடை: ஒளிப்படத்துக்கும் நீர்வண்ணத்துக்கும் முன் ஒரு பயிற்சி

நீர்வண்ண ஓவியம் கற்க வருபவர்களில் பெரும்பாலோர் இப்போது கைப்பேசியில் ஒரு படத்தைக் காட்டி, "இதைத்தான் வரைய வேண்டும்" என்றே தொடங்குகிறார்கள். படம் அழகாகத்தான் இருக்கும். அந்த இடத்தில் வெயில் எந்தப் பக்கமிருந்து விழுந்தது, நிழலில் என்ன நிறம் கலந்திருந்தது, நீர் தெளிந்திருந்ததா கலங்கியிருந்ததா என்று கேட்டால் பலரிடம் பதில் இருப்பதில்லை. படம் எடுக்க நின்ற அரை நிமிடத்தில் அவற்றைப் பார்த்திருக்க முடியாது. அவர்களைக் குறை சொல்ல இதில் ஒன்றுமில்லை. எனினும் அந்தப் படத்தை முன்னால் வைத்துக்கொண்டு எத்தனை மணி நேரம் உழைத்தாலும், கேமரா எதை விட்டுவிட்டதோ அது ஓவியத்திலும் விட்டுப்போகும். ஒளிப்படக்கலை, நீர்வண்ணம் இரண்டையும் கற்பிக்கும் நான், தூரிகையைப் பற்றியோ லென்ஸைப் பற்றியோ பேசுவதற்கு முன் மாணவர்களைத் தனியே நடந்து வரச் சொல்வது இதனால்தான்.

குழுவாகச் செல்வதன் பயனை நான் மறுக்கவில்லை. பறவைகளையும் மரங்களையும் பெயர் சொல்லி அடையாளம் காட்டக்கூடிய ஒருவர் உடன் வந்தால் ஒரே காலையில் எவ்வளவோ கற்றுக்கொள்ளலாம். ஆனால் குழு நகரும்போது நாமும் நகர்ந்தாக வேண்டும். எல்லோரும் கேமராவைத் தூக்கும் பக்கம் நம் கையும் தானாகத் தூக்கும். தனியே போகிறவர் ஒரே மதகின் அருகே முக்கால் மணி நேரம் உட்கார்ந்திருக்கலாம், வானத்தில் ஒரு மேகம் நகர்ந்து முடியும்வரை காத்திருக்கலாம், ஒன்றுமே எடுக்காமல் திரும்பியும் வரலாம். பேச்சுக் குரல் இல்லாததால் சுற்றியுள்ள உயிர்களும் நம்மைப் பொறுத்துக்கொள்கின்றன. நாம் கரையேறிய சத்தத்தில் பறந்துபோன மடையான், நாம் அசையாமல் உட்கார்ந்திருந்தால் சிறிது நேரத்தில் அதே கோரைப்புல் ஓரத்துக்குத் திரும்பி வந்து கழுத்தைச் சுருக்கிக்கொண்டு நிற்பதைப் பலமுறை பார்த்திருக்கிறேன்.

இதற்கு நம் ஊரிலேயே ஒரு பெரிய முன்னோடி உண்டு. 1912-இல் பிறந்து 1996-இல் மறைந்த இயற்கையியலாளர் மா. கிருஷ்ணன், எழுத்தாளர் அ. மாதவையாவின் மகன். கறுப்பு வெள்ளையில் காட்டுயிர்களைப் படம்பிடித்த அவர், கோட்டோவியமும் வரைந்தார், எழுதவும் செய்தார். யானையைப் போலவே வீட்டு வேலியோரத்துப் பறவையையும் அணிலையும் அவர் பொறுமையாகக் கவனித்து எழுதினார். கண், கேமரா, பேனா என்ற மூன்றும் ஒருவரிடம் ஒன்றையொன்று திருத்தியபடி வளர முடியும் என்பதற்கு அவருடைய வாழ்வைவிடச் சிறந்த எடுத்துக்காட்டு எனக்குத் தெரியவில்லை.

தனி நடை என்றதும் காட்டை நினைக்க வேண்டாம். காப்புக்காடுகளுக்குள் வனத்துறையின் அனுமதியின்றி நுழைவது குற்றம். யானை நடமாடும் இடங்களில் அது உயிரோடு விளையாடுவதும் ஆகும். 2018 மார்ச்சில் தேனி மாவட்டம் குரங்கணி மலையில் பரவிய காட்டுத்தீயில் மலையேறச் சென்றவர்கள் 20-க்கும் மேற்பட்டோர் உயிரிழந்ததை மறந்துவிடக் கூடாது. மலையில் நடக்க விரும்புபவர்கள் அரசு அனுமதித்த பாதைகளில், வழிகாட்டியுடன் செல்வதே முறை. தனியே நடக்க ஏற்ற இடம் ஊரை ஒட்டியே இருக்கிறது. செங்கல்பட்டு, காஞ்சிபுரம் மாவட்டங்களில் ஏரி இல்லாத ஊரைத் தேடித்தான் கண்டுபிடிக்க வேண்டும். கரைமேல் பனைவரிசை, ஒரு பக்கம் நீர், மறுபக்கம் வயல், நடுவே மதகு, கடைசியில் கலங்கல் என்று ஓர் ஓவியருக்கு வேண்டியதெல்லாம் ஒரே நடையில் கிடைத்துவிடுகிறது.

வேடந்தாங்கலும் கரிக்கிலியும் அப்படிப்பட்ட ஏரிகள்தாம். இரண்டும் 2022-இல், உலக அளவில் முக்கியமான ஈரநிலங்களுக்கான ராம்சார் பட்டியலில் இடம்பெற்றன. வேடந்தாங்கல் ஊரார் பதினெட்டாம் நூற்றாண்டின் இறுதியிலேயே, பறவைகளை யாரும் சுடக் கூடாது என்று அன்றைய ஆட்சியர் லயனல் பிளேஸிடம் எழுத்து வடிவில் உரிமை பெற்றவர்கள். பறவை எச்சம் கலந்த ஏரிநீர் வயலுக்கு உரமாகும் என்பதை அவர்கள் பட்டறிவால் அறிந்திருந்தார்கள். நவம்பர் முதல் மார்ச் வரை அங்கே கூட்டம் மிகுதியாக இருக்கும். முதல் முறை போகிறவர் வார நாளில், காலையிலேயே போவது நல்லது. உண்மையைச் சொன்னால், கற்றுக்கொள்ளும் நிலையில் இருப்பவருக்குப் பெயர்பெற்ற சரணாலயத்தைவிடத் தம் ஊர் ஏரியே மேல். அதே இடத்தை எல்லாப் பருவங்களிலும் பார்க்கலாம் என்பது சிறிய வசதி அன்று.

கரையில் நின்று முதலில் பார்க்க வேண்டியது நீரில் விழும் எதிருருவம். மேலே உள்ளதைத் தலைகீழாகப் படியெடுத்துவிட்டால் போதும் என்று பலர் நினைக்கிறார்கள். அரைமணி நேரம் பார்த்தால் அது அப்படி இல்லை என்பது புரியும். கருத்த பனைமரம் நீரில் சற்று வெளிறித் தெரியும். வெள்ளைக் கொக்கு நீரில் சற்று மங்கித் தெரியும். நீரின் மேல் விழும் ஒளியில் ஒரு பகுதி உள்ளே போய்விடுவதால் வெளிச்சமான பொருளின் எதிருருவம் மங்குகிறது. நீரில் மிதக்கும் வண்டலிலிருந்து திரும்பிவரும் ஒளி சேர்வதால் இருண்ட பொருளின் எதிருருவம் வெளிறுகிறது. இன்னொன்றும் உண்டு. எதிர்க்கரைக்கு அப்பால் நேராகத் தெரியும் குன்று, நீரில் தெரியாமலே போகலாம். எதிருருவம் காட்டுவது நம் கண்ணுக்குத் தெரியும் காட்சியை அன்று, நீர்மட்டத்திலிருந்து அண்ணாந்து பார்த்தால் தெரியும் காட்சியை. அங்கிருந்து பார்க்கும்போது கரை குன்றை மறைத்துவிடுகிறது. இந்த இரண்டையும் கண்ணால் கண்டவர் வரையும் நீர் நீராக இருக்கும்.

அடுத்தது வெள்ளை நிறம். காலை வெயிலில் சேற்றோரம் நிற்கும் ஒரு கொக்கை நன்றாகப் பாருங்கள். வெயில் படும் பக்கம் மட்டுமே வெள்ளை. மறுபக்கத்தில் வானத்தின் நீலம் லேசாகப் படிந்திருக்கும். வயிற்றின் அடிப்பக்கத்தில் சேற்றின் பழுப்போ புல்லின் பச்சையோ ஏறியிருக்கும். கேமரா இதைப் பெரும்பாலும் இழந்துவிடும். கேமராவின் ஒளிமானி அடிப்படையில் காட்சியை நடுத்தரச் சாம்பல் அளவுக்குக் கொண்டுவரவே முயல்கிறது. இருண்ட பின்னணியில் சிறிய வெள்ளைப் பறவை இருந்தால் பின்னணியை வெளிச்சமாக்கப் பார்த்து, பறவையின் இறகு விவரம் முழுவதையும் வெளிறடித்துவிடும். எக்ஸ்போஷரை, அதாவது படத்தில் பதியும் ஒளியை, முக்கால் அல்லது ஒரு ஸ்டாப் (ஒரு ஸ்டாப் குறைத்தால் ஒளி பாதியாகும்) குறைத்து எடுத்து, வெளிச்ச அளவுகளைக் காட்டும் வரைபடமான ஹிஸ்டோகிராம் வலது ஓரத்தில் முட்டாமல் இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். ஓவியத்தில் இதே கொக்குக்கு வெள்ளை வண்ணமே வேண்டாம். வெயில் பட்ட பக்கத்துக்குத் தாளை அப்படியே விட்டுவிட்டு, நிழல் பக்கத்தில் அல்ட்ராமரின் நீலத்தை மிக நீர்க்கப் பூசி, அது காயுமுன் அடியில் பர்ன்ட் சியன்னா என்ற செம்பழுப்பு வண்ணத்தில் ஒரு துளியைத் தொட்டுவைத்தால் போதும். இரண்டும் ஒன்றில் ஒன்று ஊறிக் கலக்கும் இடத்தில்தான் பறவையின் உடல் உருண்டு தெரியும்.

கைப்பேசிக் கேமராவின் முதன்மை லென்ஸ் அகலக் கோணம் கொண்டது. அது அருகிலுள்ள புல்லைப் பெரிதாக்கித் தூரத்துக் குன்றைச் சிறு மேடாக்கிவிடும். நிழல்களைத் தானாக வெளிச்சமாக்கி, பச்சையையும் தூக்கிக் காட்டும். வகுப்பில் வரையப்படும் பல ஓவியங்களில் குன்று எறும்புப் புற்றளவு சுருங்கிக் கிடப்பதற்கு இதுவே காரணம். குறிப்புக்காகப் படம் எடுப்பவர்கள் இரண்டு மடங்கு ஜூமில் எடுத்தால் கண்ணில் தெரியும் அளவுக்கு ஓரளவு நெருங்கிவரும். நிறத்தைப் பொறுத்தவரை படத்தை நம்பவே வேண்டாம். அதைக் கையால் குறித்துக்கொள்ள வேண்டும்.

அதற்குப் பெரிய ஏற்பாடு எதுவும் தேவையில்லை. 300 ஜிஎஸ்எம் (சதுர மீட்டருக்கு 300 கிராம் எடை) கொண்ட தடித்த தாளால் ஆன உள்ளங்கையளவு நோட்டு, எட்டுப் பத்து வண்ணங்கள் உள்ள சிறு பெட்டி, எட்டாம் எண் வட்டத் தூரிகை ஒன்று, தண்ணீர்ப் புட்டி, பழைய துணித்துண்டு ஆகியவை தோள்பையில் அடங்கிவிடும். தாளில் மட்டும் சிக்கனம் பார்க்காதீர்கள்; மெல்லிய தாள் நனைந்தவுடன் நெளிந்துவிடும். ஒரு சிற்றோவியத்துக்குக் கால் மணி நேரம் போதும். வெளிச்சம், நடுத்தரம், இருள் என்று மூன்றே தொனிகள் வைத்துக்கொண்டு முடித்துவிடுங்கள். மார்கழி, தை மாதக் காலைகளில் காற்றின் ஈரத்தால் பூச்சு காயவே காயாது; பனிமூட்டத்தில் கரையும் தூரத்து மரங்களுக்கு அது வசதி. சித்திரையில் தூரிகையை எடுப்பதற்குள் காய்ந்து விளிம்பு கட்டிவிடும். தாளின் பின்புறத்தையும் முன்கூட்டியே நனைத்துக்கொள்ள வேண்டியிருக்கும். எந்தப் பருவமானாலும் ஈரத்தில் தெரியும் நிறம் காய்ந்தபின் வெளிறும் என்பதால் ஒரு படி அழுத்தமாகவே பூசுங்கள். குப்பியிலிருந்து நேராக எடுத்த பச்சை பெரும்பாலான மரங்களுக்குப் பொருந்தாது. மஞ்சளும் நீலமும் கலந்து, துளி பர்ன்ட் சியன்னாவால் அடக்க வேண்டும். சம்பா நாற்றங்கால் மட்டும் விதிவிலக்கு. அந்தப் பச்சைக்கு எலுமிச்சை மஞ்சளைத் தாராளமாகச் சேர்த்தாலும் கண்ணில் கண்டதைவிடக் குறைவாகவே வரும்.

தூரிகை கழுவிய தண்ணீரை ஏரியில் ஊற்றாதீர்கள். காட்மியம், கோபால்ட் போன்ற உலோகங்கள் அடங்கிய வண்ணங்கள் நீரில் வாழும் உயிர்களுக்கு நஞ்சு. மூடியுள்ள புட்டியில் ஊற்றி வீட்டுக்கு எடுத்து வருவது ஒரு சுமையே இல்லை. இதை என் மாணவர்களிடம் கண்டிப்பாகவே சொல்கிறேன்.

பறவைகள் கூடுகட்டும் காலத்தில் நம் பொறுப்பு இன்னும் கூடுகிறது. ஏரிக்குள் நிற்கும் கருவேல மரங்களில் நத்தைகுத்தி நாரையும் சங்குவளை நாரையும் நீர்க்காகமும் அடுத்தடுத்துக் கூடு கட்டியிருக்கும். மிக அருகே போனால் தாய்ப்பறவை எழுந்து பறந்துவிடும். அந்தச் சில நிமிடங்களில் முட்டையும் இறகு முளைக்காத குஞ்சும் சுடுவெயிலில் கிடக்கும், காகமும் பருந்தும் அதற்காகவே காத்திருக்கும். 1972-ஆம் ஆண்டின் வனஉயிரினப் பாதுகாப்புச் சட்டம், காட்டுப் பறவைகளின் முட்டைகளையும் கூடுகளையும் கலைப்பதை வேட்டையாடுதல் என்ற வரையறைக்குள்ளேயே சேர்த்திருக்கிறது. நல்ல படத்துக்காகக் கிளையை விலக்குவது, கைப்பேசியில் பறவையின் குரலை ஒலிக்கவிட்டு வரவழைப்பது, ஆந்தையின் கண்ணில் ஃபிளாஷ் அடிப்பது, டிரோனைப் பறக்கவிடுவது ஆகிய எதையும் செய்யாதீர்கள். அரிய பறவையின் கூடு இருக்கும் இடத்தைச் சமூக வலைத்தளங்களில் குறிப்பிடவும் வேண்டாம். ஒரு பறவை இரை தேடுவதை நிறுத்திவிட்டுத் தலையைத் தூக்கி நம்மையே பார்க்கிறது என்றால், நாம் வர வேண்டியதைவிட அருகே வந்துவிட்டோம் என்று பொருள். அப்போது பின்வாங்கிவிட வேண்டும்.

நம் பாதுகாப்பையும் விட்டுவிட முடியாது. எந்தக் கரைக்குப் போகிறோம், எப்போது திரும்புவோம் என்பதை வீட்டில் ஒருவரிடம் சொல்லிவிட்டே கிளம்புங்கள். கரையில் வேலையாக இருப்பவர்களிடமும் ஆடு மேய்ப்பவர்களிடமும் இரண்டு வார்த்தை பேசிவிட்டு உட்கார்ந்தால் அவர்கள் கண் நம்மீது இருக்கும். குறிப்பாகப் பெண்கள், ஊரார் வயலுக்கு வரும் காலை நேரத்தையே தேர்ந்துகொள்வது நல்லது என்பது என் கருத்து. காதில் இயர்போன் கூடாது. புல் மண்டிய இடத்தில் கண்ணாடி விரியன் இருக்கலாம். கணுக்காலை மூடும் காலணி அணிந்து, கால் வைக்கும் இடத்தைப் பார்த்து நடக்க வேண்டும். கடிபட்டால் கீறுவதும் இறுக்கிக் கட்டுவதும் தவறு. கடிபட்ட உறுப்பை அசைக்காமல் 108-ஐ அழைத்து மருத்துவமனைக்கு விரைவதே சரி. நீர் குறைந்த ஏரிக்குள் இறங்குவதை நான் முற்றிலும் தடுப்பேன். மண் எடுத்த பள்ளங்கள் முழங்கால் நீருக்கு அடியில் ஆளுயரத்துக்கு மேல் இருக்கக்கூடும். மேலிருந்து பார்த்தால் தெரியாது. இடி கேட்டவுடன் கரையை விட்டு இறங்கிவிடுங்கள். தனித்து நிற்கும் பனையின் கீழ் ஒதுங்குவதைப் போல் ஆபத்தானது வேறில்லை.

வீடு திரும்பியதும் ஒளிப்படங்களை உடனே திறக்க வேண்டாம். அங்கே வரைந்த சிற்றோவியத்தையும் தாளின் ஓரத்தில் எழுதிய குறிப்புகளையும் மட்டும் வைத்துக்கொண்டு பெரிய தாளில் வரையத் தொடங்குங்கள். நாரையின் கால் எந்த இடத்தில் மடங்குகிறது, மதகுச் சுவரில் எத்தனை வரிசைக் கல் என்பது போன்ற ஐயம் வரும்போது மட்டும் படத்தைப் பாருங்கள். ஒவ்வொரு சிற்றோவியத்தின் பின்புறமும் இடம், தேதி, நேரம், நீர்மட்டம் ஆகியவற்றை எழுதிவையுங்கள். ஐப்பசி மழைக்குப் பின் அதே கரைக்குப் போகும்போது பழைய தாளையும் உடன் எடுத்துச் சென்றால் ஒன்று விளங்கும்: தெளிந்த நீரில் மரத்தின் நிழல் விழுந்த அடையாளமே பெரும்பாலும் தெரியாது, எதிருருவம் மட்டுமே தெரியும், புதுவெள்ளம் கலங்கி நிற்கும்போது எதிருருவம் மங்கி, நீரின் மேல் நிழல் தனியே, வேறு திசையில் விழுந்திருக்கும். அந்த இரண்டுக்கும் இரண்டு வேறு பூச்சுகள் தேவைப்படும்.