பெய்லிஃப் பணத்தை வாங்கிக்கொண்டு போய்விட்டாரா? கணக்கு இன்னும் முடியவில்லை

காலை 6.40. யாரோ கதவை இடிக்கிறார்கள். வீட்டில் அம்மாவும் 10 வயது மகளும் மட்டும்தான். அப்பாவுக்குப் பெற்றோல் ஸ்டேஷனில் இரவு வேலை, பஸ்ஸில் வந்துகொண்டிருக்கிறார். கார் வாசலில் நிற்கிறது. அம்மா சங்கிலியைக் கழற்றிக் கதவைத் திறந்த மறுகணம், நெஞ்சில் கமரா மாட்டிய ஒரு பெய்லிஃப், அதாவது கடன் வசூலிக்க வருகிற அமலாக்க ஆள், ஹோலுக்குள் காலை வைத்துவிட்டார். அம்மாவுக்கு ஆங்கிலம் சரளமில்லை. மகள்தான் மொழிபெயர்ப்பாளர்: "அம்மா, இவர் காசு கேக்கிறார். இல்லாட்டிக் காரைக் கொண்டுபோவாராம்."

அவர் கையிலிருந்த கடிதத்தில் இருந்தது முன்பு அந்த வீட்டில் இருந்தவரின் பெயர். 480 பவுண்டு கவுன்சில் (உள்ளூராட்சி) வரிப் பாக்கி. இவர்கள் குடிவந்து நாலு மாதம்தான். அம்மா அலுமாரியிலிருந்து வாடகை ஒப்பந்தத்தை எடுத்துக் காட்டினார். வந்தவர் அதைப் பார்த்தார், தலையாட்டினார், வெளியே போய்க் காரின் சில்லைப் பூட்டுகிற கிளாம்ப் போட்டார். எட்டு மணிக்கு வந்த அப்பா, பின்னேரம் இன்னொரு வேலைக்குக் கார் வேண்டுமென்பதால் வங்கி அட்டையில் 790 பவுண்டு கட்டினார். கடன் 480, கடிதம் அனுப்பும் கட்டத்துக்கு 75, வீட்டுக்கு வந்ததற்கு 235. இந்த இரண்டு கட்டணங்களும் 2014இல் விதிகள் வந்தபோது வைத்த தொகைகளே. கணக்கு சரி, ஆள்தான் பிழை.

மூன்று வாரம் கழித்து அவர்கள் என்னிடம் வந்தார்கள். அவர்கள் கேட்ட முதல் கேள்வி: "கட்டின காசு இனி வராதுதானே?"

இங்கிலாந்திலும் வேல்ஸிலும் பெய்லிஃப் விவகாரங்களைப் பார்க்கிற எனக்கு இந்தக் கேள்வி பழகிப்போனது. ஊரில், இலங்கையில், நீதிமன்றக் கட்டளையை நிறைவேற்றும் பிஸ்கால் வந்தால் வழக்கு முடிந்துவிட்டது என்று அர்த்தம். அந்த நினைப்பை நாங்கள் இங்கேயும் கொண்டுவந்துவிட்டோம். கவுன்சில் வரிக்கும் பார்க்கிங் அபராதத்துக்கும் வருகிறவர் பெரும்பாலும் தனியார் நிறுவனத்தின் ஆள். கவுண்டி நீதிமன்றம் கொடுத்த சான்றிதழ் ஒன்று அவரிடம் இருக்கும், அவ்வளவுதான். அவர் நீதிபதியின் வாய் அல்ல. அவருக்கு என்ன செய்யலாம், என்ன செய்யக்கூடாது என்பதெல்லாம் 2007ஆம் ஆண்டுத் தீர்ப்பாயங்கள், நீதிமன்றங்கள், அமலாக்கச் சட்டத்தின் 12ஆம் அட்டவணையிலும் பொருட்களைக் கட்டுப்பாட்டில் எடுப்பதற்கான 2013ஆம் ஆண்டு விதிகளிலும் எழுதியிருக்கிறது. (ஸ்கொட்லாந்தில் சட்டமும் வேறு, வருகிற அதிகாரியும் வேறு. அங்கே இருப்பவர்கள் இதைப் பின்பற்ற வேண்டாம்.)

நட்டஈடு கேட்டு வருகிறவர்களிடம் நான் முதலில் கேட்பது ஒன்றே ஒன்று: கடிதத்தில் இருப்பது உங்கள் பெயரா, வேறொருவரின் பெயரா? இதற்கான பதிலைப் பொறுத்துப் பாதையே மாறிவிடும். இணையத்தில் படித்துவிட்டு வருகிறவர்கள் பலரும் பிழையான பாதையில் பாதி தூரம் போன பிறகுதான் வருகிறார்கள்.

உங்கள் பெயரே என்றால், அட்டவணையின் 66ஆம் பந்தி உங்களுக்கானது. பெய்லிஃப் அட்டவணையை மீறினாலோ, கையில் வைத்திருந்த வாரண்ட் குறைபாடுள்ளதாக இருந்தாலோ, கடனாளி நீதிமன்றம் போய்ப் பொருளைத் திருப்பிக் கேட்கலாம், ஏற்பட்ட நட்டத்துக்கும் ஈடு கேட்கலாம். எவையெல்லாம் மீறல்? வருவதற்கு முன் முழுதாக 7 நாள் இடைவெளி விட்டு அறிவித்தல் தர வேண்டும், ஞாயிறும் வங்கி விடுமுறையும் அந்த ஏழில் சேராது. காலை 6 மணிக்கு முன்போ இரவு 9 மணிக்குப் பின்போ வீட்டுக்குள் வரக்கூடாது. வீட்டில் 16 வயதுக்குக் குறைந்த பிள்ளையோ பலவீன நிலையில் உள்ளவரோ மட்டும் இருந்தால் நுழையவே கூடாது. கட்டில், குளிர்சாதனப் பெட்டி, சலவை இயந்திரம், சமையல் அடுப்பு இவற்றைத் தொடக்கூடாது. தொழிலுக்கு வேண்டிய கருவிகளும் மொத்தம் 1,350 பவுண்டு வரை விலக்கு. கடனில் தவிப்பவர்களுக்கு 60 நாள் அவகாசம் தர 2021 மே மாதம் அறிமுகமான 'பிரீதிங் ஸ்பேஸ்' திட்டத்தின் பாதுகாப்பில் நீங்கள் இருந்தால், அதில் சேர்க்கப்பட்ட கடனுக்காக ஆள் வரவே கூடாது.

ஆனால் மீறல் நடந்தது என்பது மட்டும் போதாது. அந்த மீறலால் உங்களுக்கு என்ன நட்டம் என்று காட்ட வேண்டும். அறிவித்தல் 7 நாளுக்குப் பதிலாக 5 நாளில் வந்தது, ஆனால் கடன் உங்களுடையதே, எப்படியும் கட்டியிருக்க வேண்டியதே என்றால், நீதிபதி "உமக்கு என்ன நட்டம்?" என்று கேட்பார். விதிமீறல்களை இருபது பக்கத்துக்கு எழுதி, நட்டத்தை அரை வரியில் முடித்த மனுக்களை நான் பார்த்திருக்கிறேன். அவை நிற்பதில்லை.

பெயர் வேறொருவருடையது என்றால், 66ஆம் பந்தி உங்களுக்கு இல்லை, அது கடனாளிக்கு மட்டும். உங்களுக்கு வழக்கமான சிவில் சட்டம் இருக்கிறது: வீட்டுக்குள் அத்துமீறி நுழைந்தது, பொருளை முறையின்றிக் கட்டுப்படுத்தியது, பொருளைப் பிடித்துவைத்துக் கட்டாயத்தில் கறந்த பணத்தைத் திருப்பித் தர வேண்டியது. பொருளைத் தூக்கிக்கொண்டே போய்விட்டார்கள் என்றால் கடிகாரம் ஓடத் தொடங்கிவிட்டது. அது உங்கள் பொருள் என்ற உரிமைக்கோரலை 7 நாளுக்குள் பெய்லிஃபுக்கு எழுத்தில் கொடுக்க வேண்டும். கடனைக் கேட்கிற தரப்பு அதை மறுத்தால் நீதிமன்றத்துக்குப் போகலாம். ஆனால் பொருளின் பெறுமதியையோ நீதிமன்றம் சொல்லும் பங்கையோ அங்கே கட்டச் சொல்லுவார்கள். தம்பியின் கடனுக்கு அண்ணனின் கார், அறை வாடகைக்கு இருக்கிற பையனின் கடனுக்கு வீட்டுக்காரரின் தொலைக்காட்சி என்று எங்கள் கூட்டுக் குடித்தனங்களில் அடிக்கடி நடப்பது இதுதான்.

இரண்டு பாதையிலும் குறுக்கே ஒரே மதில் நிற்கிறது. 'நியாயமான நம்பிக்கை' என்பது அதன் பெயர். கடனாளி இங்கே வசிக்கிறார் என்று பெய்லிஃப் நியாயமாக நம்பினால், அந்த வீட்டுக்குள் வர அவருக்கு உரிமை உண்டு என்கிறது சட்டம். நான் விதியை மீறவில்லை என்று அவர் நியாயமாக நம்பியிருந்தால், 66ஆம் பந்தியில் நட்டஈடும் கிடைக்காது. பொருளை விற்றுவிட்ட பிறகுகூட, அது வேறொருவருடையது என்று அவருக்கு அறிவிக்கப்பட்டிருந்ததா என்பதில்தான் பொறுப்பு தங்கியிருக்கிறது. அதனால் வழக்கின் உயிர் 'அவர் செய்தது பிழை' என்பதில் இல்லை. 'பிழை என்று அவருக்குத் தெரியப்படுத்தியிருந்தோம்' என்பதில்தான் இருக்கிறது.

அந்த அம்மா அலுமாரியிலிருந்து எடுத்த வாடகை ஒப்பந்தம் மதிலைத் தகர்த்தது இப்படித்தான். காட்டிய நேரத்தில் அது எதையும் தடுக்கவில்லை. ஆனால் நெஞ்சிலிருந்த கமரா அதைப் பதிந்துவைத்திருந்தது. பெயர் வேறு, திகதி வேறு, அவர் குனிந்து படிக்கிறார், பிறகு கிளாம்ப் எடுக்கப் போகிறார். அதற்குப் பிறகு நம்பினேன் என்று எப்படிச் சொல்வது?

அவர்கள் வந்த அன்றைக்கே நான் அனுப்பிய முதல் மின்னஞ்சலில் நட்டஈடு என்ற சொல்லே இல்லை. கமராப் பதிவை அழிக்காமல் வைத்திருங்கள், தரவுப் பாதுகாப்புச் சட்டத்தின்படி அந்தக் குடும்பத்தைப் பற்றிய எல்லாப் பதிவுகளையும் பிரதியெடுத்துத் தாருங்கள் என்று மட்டும் கேட்டேன். பதில் தர அவர்களுக்கு ஒரு மாதம் இருக்கிறது. பதிவுகளை அவர்கள் காலவரையின்றி வைத்திருப்பதில்லை, அதனால் இது எல்லாவற்றுக்கும் முன்னால் போக வேண்டும். ஆத்திரத்தில் நீளமான முறைப்பாடு எழுதுவதை அடுத்த வாரம் வைத்துக்கொள்ளலாம்.

கார் விடயத்தில் ஒன்று. நிறையப் பேர் லொக்புக்கைத் தூக்கிக்கொண்டு வருவார்கள். அதில் இருப்பது பதிவுசெய்த பாவனையாளரின் பெயர், அது உரிமைப் பத்திரம் அல்ல என்று அதிலேயே அச்சிட்டிருக்கிறது. வாங்கிய பற்றுச்சீட்டும் பணம் போன வங்கிக் கூற்றும்தான் பேசும். கிளாம்பை வெட்டுகிற யோசனையை விட்டுவிடுங்கள். கட்டுப்பாட்டில் எடுத்த பொருளில் கைவைப்பது தனிக் குற்றம், நியாயம் உங்கள் பக்கம் இருந்தாலும் கதை திரும்பிவிடும். கட்டித்தான் ஆக வேண்டிய நிலை வந்தால், 'எதிர்ப்புடன் கட்டுகிறேன், கடன் என்னுடையதல்ல' என்று அந்த நிமிடமே ஆங்கிலத்தில் ஒரு குறுஞ்செய்தியோ மின்னஞ்சலோ அனுப்புங்கள். பிறகு 'மனமுவந்து கட்டினார்' என்று எழுத அவர்களுக்கு இடம் இருக்காது.

பொலிஸைக் கூப்பிடலாமா என்று கேட்பார்கள். மிரட்டல், தள்ளுமுள்ளு என்றால் கூப்பிடத்தான் வேண்டும். ஆனால் வந்த பொலிஸார் கடன் யாருடையது என்று தீர்ப்புச் சொல்ல மாட்டார்கள். வட்ஸ்அப்பில் சுற்றுகிற 'என் வளவுக்குள் வர அனுமதியில்லை' என்ற நோட்டீஸைக் கதவில் ஒட்டுவதால் வீட்டுக்கு ஒரு காகிதம் கூடும், வேறொன்றும் நடக்காது. கதவைத் திறக்காமல் ஜன்னலால் பேசுவது நல்லது, கவுன்சில் வரிக்காக முதன்முறை வருகிறவர் கதவை உடைத்து நுழைய முடியாது. நீதிமன்றம் விதித்த குற்றவியல் அபராதத்துக்கு வருகிறவர்களுக்கு அந்த அதிகாரம் உண்டு, அதனால் என்ன கடன் என்று முதலில் கேளுங்கள்.

இனி மொழி. இதைப் பற்றி எங்கள் ஆட்கள் வாயே திறப்பதில்லை. நீதி அமைச்சின் தேசியத் தரநிலைகளில், பலவீன நிலையில் இருக்கக்கூடியவர்கள் என்ற பட்டியலில் முதியோர், நோயாளிகள், கர்ப்பிணிகளோடு ஆங்கிலம் விளங்கிக்கொள்ளவோ பேசவோ வாசிக்கவோ வெளிப்படையாகச் சிரமப்படுகிறவர்களும் இருக்கிறார்கள். வெட்கப்பட்டு 'யெஸ், யெஸ்' என்று தலையாட்டுகிற அம்மாதான் அந்தப் பட்டியலில் இருக்கிறார். அவரும் 10 வயதுப் பிள்ளையும் மட்டும் இருந்த வீட்டுக்குள் பெய்லிஃப் கால் வைத்திருக்கவே கூடாது என்று நாங்கள் எழுதினோம். பதிவில் பிள்ளையின் குரல் தெளிவாகக் கேட்கிறது. பிள்ளையை வைத்து மொழிபெயர்க்கச் சொன்னதுதான் எனக்கு இந்தக் கோப்பிலேயே மிக அருவருப்பான விடயம். நிறுவனத்தின் சட்டத்தரணிக்கும் அப்படித்தான் இருந்திருக்க வேண்டும், அந்தப் புள்ளிக்கு மட்டும் அவர்கள் மறுப்பு எழுதவில்லை.

யாரிடம் கேட்பது? பெய்லிஃபிடம் மட்டும் இல்லை, அவரை அனுப்பிய நிறுவனத்திடமும் அந்த நிறுவனத்தை அமர்த்திய கவுன்சிலிடமும் கேட்கலாம். தன் பெயரில் வேலை செய்கிறவர்களின் நடத்தைக்குக் கவுன்சில் பதில் சொல்லியாக வேண்டும். கவுன்சிலின் முறைப்பாட்டுப் படிகள் முடிந்தும் தீராவிட்டால், விடயம் தெரியவந்த 12 மாதத்துக்குள் இங்கிலாந்தில் உள்ளூராட்சி மற்றும் சமூகப் பராமரிப்பு ஒம்புட்ஸ்மனிடமும் வேல்ஸில் பொதுச் சேவைகள் ஒம்புட்ஸ்மனிடமும் போகலாம், செலவில்லை. பெய்லிஃப்களைக் கண்காணிக்க 2022இல் அமைக்கப்பட்ட அமலாக்க நடத்தைச் சபையிடமும் முறைப்பாடு செய்யலாம், அதற்கு முன் நிறுவனத்திடம் முறையிட்டிருக்க வேண்டும். சான்றிதழ் பெற்ற பெய்லிஃப் அந்த வேலைக்குத் தகுந்தவரே அல்ல என்று நினைத்தால் ஈஏசி2 (EAC2) என்ற முறைப்பாட்டுப் படிவத்தில் கவுண்டி நீதிமன்றத்துக்கு எழுதலாம். ஒவ்வொரு பெய்லிஃபும் 10,000 பவுண்டுக்குப் பிணை வைத்துத்தான் சான்றிதழ் வாங்குகிறார். என் அனுபவத்தில் இந்தப் படிவம் காசு வாங்குவதற்கான கருவி அல்ல. அது அவருடைய தொழிலில் கைவைப்பது, அதற்குரிய பாரதூரமான நடத்தை இருந்தால் மட்டும் எடுங்கள்.

தொகையைப் பற்றி உண்மையைச் சொல்லிவிடுகிறேன். கட்டிய பணம், போன வேலைநாள், உடைந்த பொருள் இவற்றுக்குக் காகிதம் இருந்தால் கிடைக்கும். மனவேதனைக்குப் பெரிய தொகையை எதிர்பார்க்காதீர்கள். பிழையான தரவை வைத்து ஆளைப் படுத்தியதற்குத் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தில் மனவேதனைக்கும் ஈடு கேட்கலாம். சொல்லியும் கேளாமல் திரும்பத் திரும்ப வந்தால் 1997ஆம் ஆண்டுத் தொல்லைத் தடுப்புச் சட்டம் இருக்கிறது. கடிதம் அனுப்பியது கணினிதான் என்ற சாக்கு செல்லாது என்று மேன்முறையீட்டு நீதிமன்றம் 2009இலேயே ஓர் எரிவாயு நிறுவனத்துக்குச் சொல்லிவிட்டது. இப்படியான கோரிக்கைகள் பெரும்பாலும் 10,000 பவுண்டுக்குள் சிறு கோரிக்கைப் பிரிவிலேயே முடியும். அங்கே வென்றாலும் சட்டத்தரணிச் செலவு திரும்ப வராது. 790 பவுண்டை மீட்க 2,000 பவுண்டு கொடுத்து சட்டத்தரணி பிடிப்பதை நான் யாருக்கும் சொல்வதில்லை. கடிதத்தை ஒழுங்காக எழுதினால் பெரும்பாலானவை வழக்கில்லாமலே தீரும்.

இந்தக் குடும்பத்துக்கும் அப்படித்தான் தீர்ந்தது. 790 பவுண்டும், இந்த விடயமாக அப்பா வேலைக்குப் போகாத ஒரு நாள் சம்பளமும், மேலே ஒரு சிறு தொகையும் கிடைத்தன. மன்னிப்புக் கடிதம் மூன்று வரி.

முதல் சந்திப்பில் அவர்கள் கூடவே ஒரு கடைப் பையும் கொண்டுவந்திருந்தார்கள். முன்பு இருந்தவரின் பெயருக்கு நாலு மாதமாக வந்த கடிதங்கள், உடைக்காமல். "எங்களுக்கு வந்ததில்லைதானே, அதுதான் ஒரு பக்கமா வச்சனாங்கள்" என்றார் அம்மா. பையைக் கவிழ்த்துப் பார்த்தோம். வேறு இரண்டு நிறுவனங்களின் உறைகள் அதில் இருந்தன, ஒன்று முந்தின கிழமைதான் வந்தது. அந்த உறைகளைத் திறக்கக்கூட இல்லை. 'இந்தப் பெயருடையவர் இங்கு வசிப்பதில்லை' என்று ஒவ்வொன்றின் மேலும் அம்மாவையே எழுதவைத்தேன், மகள் எழுத்துக்கூட்டிக் கொடுத்தாள். ஒவ்வொன்றையும் கைத்தொலைபேசியில் படம் பிடித்துக்கொண்டு, அன்றைக்கே தபாலில் திருப்பிப் போட்டோம்.